பதினெட்டு அங்குலம்

மாப்பிள்ளை வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மணப்பெண்ணின் தோழிகள் கேட்ட, காசு வைத்த சிவப்பு உறைகள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டன. பாடச் சொன்ன பாட்டையும் அவர் பாடி முடித்தாயிற்று. திறந்துவிடலாம் என்று உள்ளே எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் கதவு திறக்கவில்லை. குவாட் நியோ தாழ்ப்பாளை இன்னொரு தடவை இறக்கிவிட்டு, மரத்தில் காதை வைத்து, மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நியோ அக்கா, பொண்ணுக்கு வயசாகுது," என்றாள் தோழிகளில் ஒருத்தி.

"இரு. மேல் வளையத்துல ஒரு திருகாணி இல்ல. அந்தப் பையன் தோளக் குடுத்துத் தள்ளியிருந்தா எப்பவோ உள்ள வந்திருக்கலாம்." தாழ்ப்பாளை முழுக்க ஏற்றிவிட்டுச் சொன்னார்: "தள்ளல. நல்ல பையன்தான்."

ஜார்ஜ்டவுனில் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவருடைய கை முதலில் கதவுக்குப் போகும். வீட்டுக்காரரை விசாரிப்பது அதற்குப் பிறகு. சாவு வீட்டில் ஊதுபத்தியை வாங்குவதற்கு முன் கீலை ஒரு தரம் தடவிப் பார்ப்பார். காப்பிக்கடையில் எந்த மேசையில் உட்காருவது என்பதை ஜன்னல் கொண்டி முடிவுசெய்யும். ஒரு முறை வங்கி மேலாளரின் அறைக்குப் போனவர், கதவுக் குமிழைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, போன காரியத்தைச் சொல்லாமலே தெருவுக்கு வந்துவிட்டார். மேலாளருக்கும் அவர் எதற்கு வந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

வயது அறுபத்தொன்று. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆண்கள் போடுகிற அரைக்கைச் சட்டைதான் போடுவார், அதில் இரண்டு பை இருப்பதால். ஒன்றில் சுண்ணாம்புக் கட்டி, இன்னொன்றில் இஞ்சி மிட்டாய். அவசரத்தில் மாறிப்போய்ச் சுண்ணாம்பைக் கடித்ததும் உண்டு. பிறவியில் இடக்கைக்காரர். வீட்டிலும் பள்ளியிலும் தட்டித் தட்டி வலக்கைக்கு மாற்றினார்கள். குச்சிகளால் சோறு தின்பதும் பேனா பிடிப்பதும் வலது பக்கம் போய்விட்டன. அரம் அவர் கைக்கு வந்தது முப்பது வயதுக்குப் பிறகு. அப்போது தட்டுவதற்கு ஆள் இல்லை.

பட்டறை ஜெலுத்தோங்கில் இருக்கிறது, கார்களுக்குச் சாயம் அடிக்கும் கடைக்கும் தவ்ஃபு என்கிற சோயாக்கட்டி செய்யும் வீட்டுக்கும் நடுவில். தாழ்ப்பாள், கீல், நாதாங்கி, ஜன்னலைக் காற்றில் ஆடாமல் நிறுத்தும் கொக்கி, சாவித்துளைக்கு மேல் தொங்கும் சின்ன மூடி, இழுத்துச் சாத்தும் வளையம். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய சாமான்களைப் பார்த்து அதே மாதிரி பித்தளையில் வார்ப்பார். ஒரு வீட்டில் நாற்பது ஜன்னல் இருந்தால் முப்பத்தொன்றில் பழைய தாழ்ப்பாள் தப்பிப் பிழைத்திருக்கும். மிச்சம் ஒன்பதுக்காக அவரிடம் வருவார்கள். அந்த ஒன்பதுதான் அவருடைய தொழில். இப்போது ஊரில் பாதி வீடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆகையால் பட்டறையில் சும்மா உட்கார ஸ்டூல் கூடக் கிடையாது.

வார்த்ததைப் பழையது போலக் கறுக்கவைத்துத் தருவதில்லை. அமோனியாப் புகை காட்டினால் ஒரே நாளில் கறுத்துவிடும், பழஞ்சாமான் வியாபாரிகள் அதைக் கேட்டு வருவார்கள். வந்தவர்களிடம் சண்டை போடமாட்டார். பளபளவென்று ஒரு கீலை எடுத்துக் கையில் கொடுப்பார். "தினம் தொடுங்க. உங்க பேரன் காலத்துல கறுத்துரும்," என்பார். அவர்கள் போய்விடுவார்கள்.

மதியத்தில் கடல் பக்கமிருந்து காற்று எழும்பி, பட்டறைத் தகரம் படபடக்க ஆரம்பித்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பார். பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஜன்னல் நிற்கிறதா என்று கேட்பார். நிற்கிறது என்பார்கள். சரி என்று வைத்துவிடுவார். நலம் விசாரிப்பது கிடையாது. தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், தான் இல்லாத நேரத்தில் பதில் சொல்லவென்றே தன் மனைவிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்: நியோ கூப்பிட்டால் நிற்கிறது என்று சொல், போய்ப் பார்த்துவிட்டுச் சொல், பொய் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மணல் பிடித்து வார்ப்பவர் ரோஸ்லி. ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை, புருவத்தில் பாதி நெருப்புக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் முன்னால் படகுகளுக்குச் சுழல்விசிறி வார்க்கும் ஆலையில் இருந்தவர்கள். அவர் உலைக்களத்தில், இவர் அலுவலகத்தில் தட்டச்சு மேசையில். ஆலை மூடப்பட்டபோது இரண்டு உலைகளையும் ரோஸ்லியையும் குவாட் நியோ கூட்டிக்கொண்டு வந்தார். அதை ரோஸ்லி வேறு மாதிரி சொல்வார். உலை ரெண்டும் கனம், அதத் தூக்க என்னையும் சேத்து எடுத்தாங்க என்பார்.

பட்டறைச் சுவரில் மணலில் பதிக்கும் மர அச்சுகள் நானூறுக்கு மேல் ஆணியில் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு எஃகு அளவுகோல். வெளியாள் யாராவது அதை எடுத்து அளந்தால் குழம்பிப்போவார்கள். அதில் ஒரு அடி என்பது ஒரு அடியைவிடக் கொஞ்சம் அதிகம். உருகின பித்தளை ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஏறக்குறைய இரண்டு நெல்லின் அகலம். அதனால் மர அச்சை அந்த அளவு பெரிதாகச் செதுக்கவேண்டும், அப்போதுதான் வார்ப்பு சரியான அளவில் வந்து நிற்கும். தொழிலில் அதற்குத் தனிக் கோல் உண்டு. இவர்கள் பொய்க்கோல் என்பார்கள். பொய் சொல்கிற கோலால் அளந்தால்தான் சாமான் நிஜமாக வரும்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை சின் ஐக் ஒரு பெட்டியோடு வந்தார். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர், நாற்பதைத் தொடாதவர், குவாட் நியோவை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். முந்திரி தெருவில் டாக்டர் ஓங்கின் குடும்ப வீட்டை அப்போது புதுப்பித்துக்கொண்டிருந்தார். மாடியில் இருபது ஜன்னல், தரையிலேயே தொடங்கி ஆள் உயரத்துக்கு மேல் போகிறவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சட்டமிட்ட கதவுகள், தெருவைப் பார்த்துத் திறப்பவை. ஒவ்வொரு கதவின் கீழேயும் நீளமாக ஒரு தாழ்ப்பாள், ஜன்னலடிக் கல்லில் இருக்கும் குழிக்குள் இறங்கவேண்டும். நாற்பது இருக்கவேண்டிய இடத்தில் ஆறுதான் மிஞ்சியிருந்தன. முப்பத்திநாலு வேண்டும். நகரத்தின் பாரம்பரியக் குழு, வீட்டில் இருக்கும் மூலப்பொருளுக்கு, அதாவது வீடு கட்டினபோது பொருத்தின அசல் சாமானுக்கு, அப்படியே ஒத்திருந்தால் மட்டுமே அனுமதிக்கும். அந்த வருஷத்தில் குவாட் நியோவுக்கு வந்த வேலைகளில் அதுதான் பெரியது.

பெட்டிக்குள் நீல வெல்வெட். அதன் மேல் அந்த ஆறில் ஒரு தாழ்ப்பாள், கோழிவால் போல வளைந்த பிடியோடு. பக்கத்தில் ஒரு அட்டை: மூலப்பொருள், 1890 வாக்கில், இங்கிலாந்து. சின் ஐக் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதை எடுத்தார். தன் அறிக்கையில் இந்தத் தாழ்ப்பாளுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருப்பதாகச் சொன்னார். குவாட் நியோ வெறுங்கையால் வாங்கினார். சின் ஐக் முகம் சுளித்ததைப் பார்க்கவில்லை. வாங்கினவுடன் பின்பக்கம் திருப்பினார், அது எப்போதும் செய்வதுதான். முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் செய்தவனுக்கு என்பது அவர் வழக்கம்.

பின்பக்கத்தில் அரம் ஓடின கோடுகள் தெரிந்தன. வலக்கைக்காரர் அரம் போட்டால் கோடு வலது பக்கம் சாய்ந்து இறங்கும். இவை எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. ஓரத்தில் ஒரு இடத்தில் அரம் வழுக்கி ஒரு கீறல். அந்தக் கீறல் விழுந்தபோது தன் கட்டைவிரலும் கிழிந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

நாளைக்கு ஒன்பது மணிக்கு வீட்டில் கூட்டம், குழுவிலிருந்து அதிகாரி வருகிறார், மாதிரியைப் பார்த்துச் செய்யமுடியும் என்று ஆன்ட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் சின் ஐக். வருகிறேன் என்றார் குவாட் நியோ.

சின் ஐக்கின் கார் தெரு திரும்பினதும் தாழ்ப்பாளை மேசையில் வைத்துச் சாதாரணக் கோலால் அளந்தார். பதினேழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பதினெட்டுக்குச் சுண்டுவிரல் நகத்தின் அகலம் குறைவு. ரோஸ்லியைக் கூப்பிட்டார். ரோஸ்லி மணல் ஒட்டின கையோடு வந்து, பார்த்து, அட்டையைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

ஆலை மூடின மறுவருஷம், தொழில் தொடங்கின முதல் மாதத்தில் வார்த்தது அது. ஒரு ஒப்பந்தக்காரர் பழைய தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி ஆறு என்றார். மர அச்சு செதுக்க நேரம் இல்லை. பழையதையே மணலில் அழுத்தி, பதிந்த பள்ளத்தில் பித்தளையை ஊற்றிவிட்டார்கள். சுருங்கும் என்பது இருவருக்கும் தெரியாது. ஆலையில் மர அச்சுகள் தச்சரிடமிருந்து வரும், சுருக்கத்தைச் சேர்த்துத்தான் அவர் செதுக்கியிருப்பார். அதை யாரும் உலைக்களத்தில் பேசினதில்லை. ஆறும் குட்டையாக வந்தன. ஒப்பந்தக்காரர் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு போனார், பழையதையும் சேர்த்து. எந்த வீடு என்று குவாட் நியோ கேட்கவில்லை. அப்புறம் தச்சரைத் தேடிப் போனபோது அவர் விஷயத்தைச் சொல்லி, பொய்க்கோலையும் கையில் கொடுத்தார். அந்த ஒப்பந்தக்காரரை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை.

ரோஸ்லி சிரித்து முடித்துவிட்டு, கணக்காக யோசித்து, சொல்லவேண்டாம் என்றார். சொன்னால் மூலப்பொருள் இல்லாத வீடாகிவிடும். குழு கோப்பை மூடிவிட்டு, தன் அனுமதிப் பட்டியலில் இருக்கும் ஆலைத் தாழ்ப்பாளைப் போடச் சொல்லும். வேலை போய்விடும். அதோடு, ஆறு தாழ்ப்பாளைக் குட்டையாக வார்த்து விற்றவர் என்று ஊர் முழுக்கப் பேச்சாகும்.

"ரெண்டே பேருக்குத்தான் தெரியும், அக்கா. அதுல ஒருத்தன் நான். நான் மறந்துட்டேன்."

"அன்னிக்கு ஆறு தப்பு பண்ணோம். தெரியாமப் பண்ணோம்," என்றார் குவாட் நியோ. "இப்ப முப்பத்திநாலு பண்ணச் சொல்றாங்க. தெரிஞ்சே."

ரோஸ்லி கையில் ஒட்டின மணலை உதறினார். பிறகு, மணலுக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று உள்ளே போனார். போகும்போது, வெல்வெட்டில் படுக்கிற யோகம் தன் வேலைக்கு இந்த ஒரு தடவைதான் வாய்த்தது, அதையும் அக்கா எழுப்பிவிடப் பார்க்கிறார் என்று கேட்கும்படி முணுமுணுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே முந்திரி தெரு வீட்டில் இருந்தார். டாக்டர் ஓங் ஓய்வுபெற்ற பல்வைத்தியர், எழுபத்தி மூன்று வயது. பிறந்தது அந்த வீட்டில், வாழ்ந்தது ஈப்போவில், இப்போது திரும்பி வந்திருக்கிறார். மாடியில் முன்பக்க ஆறு கதவுகளைப் பெருமையோடு காட்டினார். காற்று வந்தால் இந்த ஆறும் அடித்துக்கொள்ளும், போன நவம்பரில் ஒன்று பிய்த்துக்கொண்டு திறந்தே விட்டது, பழைய வீட்டின் குரல் இப்படித்தான் இருக்கும் என்றார். குவாட் நியோ குனிந்து கல்லைத் தொட்டார். குழியின் விளிம்பு தேய்ந்து சரிந்திருந்தது. தாழ்ப்பாளின் நுனி அந்தச் சரிவில்தான் தொட்டுக்கொண்டு நின்றது.

குழுவின் பெண் அதிகாரி புவான் நோரிதா கோப்போடு வந்தார். சின் ஐக் வெல்வெட் பெட்டியைத் திறந்து வைத்தார். எல்லோரும் உட்காருவதற்குள் குவாட் நியோ சொல்லிவிட்டார். இது மூலப்பொருள் இல்லை, இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் வார்த்தது, குட்டை, இதோடு சேர்த்து இந்த வீட்டின் ஆறும் குட்டை, அதனால்தான் அடித்துக்கொள்கின்றன. மன்னிப்பு கேட்கும் குரலில் சொல்லவில்லை. இந்தக் கீல் தேய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

சின் ஐக்குக்குக் காது வரை சிவந்தது. அறிக்கை அச்சாகிக் குழுவுக்குப் போய்விட்டது. "நேத்து என் கையிலேருந்து வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே, ஆன்ட்டி."

"நேத்து நீ மட்டும்தான் இருந்த. உன்கிட்ட மட்டும் சொன்னா அது ரகசியம்."

சின் ஐக் ஆதாரம் கேட்டார். குவாட் நியோ பையிலிருந்து அரத்தையும் ஒரு பித்தளைத் துண்டையும் எடுத்து, இடக்கையால் நாலு இழுப்பு இழுத்துக் காட்டினார். கோடுகள் அதே பக்கம் சாய்ந்தன. இங்கிலாந்திலும் இடக்கைக்காரர்கள் இருந்திருப்பார்களே என்றார் சின் ஐக். அதுவும் சரிதான் என்று குவாட் நியோ ஒப்புக்கொண்டார். பிறகு அளவைச் சாட்சிக்கு எடுத்துவைத்தார். பழைய ஆலைகளின் பட்டியலில் பன்னிரண்டு அங்குலம் உண்டு, பதினைந்து உண்டு, பதினெட்டு உண்டு. பதினேழரைக்குக் கொஞ்சம் மேல் என்று ஒரு தாழ்ப்பாளை எந்த ஆலையும் போட்டதில்லை. பதினெட்டைச் சுருக்கினால்தான் அந்த அளவு வரும்.

பித்தளை ஏன் சுருங்கவேண்டும் என்று புவான் நோரிதா கேட்டார். குவாட் நியோ வாயைத் திறக்குமுன் டாக்டர் ஓங் சிரித்துவிட்டார். நாற்பது வருஷம் அவர் பல்லுக்குத் தங்க உறை வார்த்தவர். மெழுகில் அச்செடுத்து வார்ப்பார்கள், சுருக்கத்துக்கு இடம் விடாவிட்டால் உறை பல்லில் ஏறாது.

"நான் வார்த்த முதல் உறை ஏறல," என்றார். "அந்த நோயாளி இன்னும் ஈப்போவுல இருக்கான். என்னப் பாத்தா வாயத் தொறக்க மாட்டான்." பிறகு குவாட் நியோவைப் பார்த்து, "சின்ன வயசுல இந்த ஜன்னல் இப்படி அடிச்சதா எனக்கும் ஞாபகம் இல்லம்மா. வீட்டுக்கு வயசாயிருச்சுன்னு நினைச்சேன்," என்றார்.

குவாட் நியோ ஒரு கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் பட்டைக் கத்தியால் சாயத்தைச் சுரண்டினார். மேலே வெள்ளை, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு நீலம். நீலம் ஓர் எல்லையில் நின்றுபோயிருந்தது. நீலச் சாயம் அடித்த காலத்தில் அங்கே இருந்த தாழ்ப்பாளின் பட்டை, தன் அளவுக்கு வெறும் மரத்தை விட்டுவைத்திருந்தது. இரண்டு முனையிலும் மரத்தக்கை வைத்து அடைத்த பழைய துளைகள். புவான் நோரிதாவே கோலை வாங்கி அளந்தார். பதினெட்டு. இன்னொரு கதவிலும் சுரண்டச் சொன்னார். அங்கும் பதினெட்டு.

சின் ஐக் அந்தத் தடத்தின் முன் குனிந்தார். பிறகு கையுறை போடாத விரலால் நீலத்தின் ஓரத்தைத் தடவினார்.

புவான் நோரிதா தன் நிலையைச் சொன்னார். தடம் என்பது தாழ்ப்பாள் ஆகாது. விதிப்படி மூலப்பொருள் இல்லாத வீட்டுக்குப் பட்டியல் சாமான்தான். ஆனால் கோப்பு நாளைக்கு மாலைதான் குழுவுக்குப் போகிறது. நாளைக்கு மூன்று மணிக்குள் இந்தத் தடத்தில் பிசிறில்லாமல் உட்காரும் தாழ்ப்பாள் ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்துத் தன் குறிப்பை எழுதுவார். குழு ஏற்கும் என்று வாக்கு கொடுக்கமுடியாது. பிறகு அரசு ஊழியர் குரலை விட்டுவிட்டு, ஒரு நாளில் முடியுமா என்று கேட்டார்.

"ஒரு நாள் எதுக்கு," என்றார் குவாட் நியோ. "சாயங்காலம் நான் ஏழு மணிக்குச் சாப்பிடணும்."

பத்தரைக்குப் பட்டறைக்குத் திரும்பினார். பொய்க்கோலைச் சுவரிலிருந்து இறக்கி, பைன் பலகையில் பதினெட்டு என்று குறித்தார். பட்டை ஒன்று, கம்பி ஒன்று, இரண்டு அச்சு. கோழிவால் பிடிக்குச் சுவரில் ஏற்கெனவே அச்சு இருந்தது. பட்டையைச் செதுக்கி உப்புத்தாள் தேய்த்து முடிக்கும்போது மணி ஒன்று. ரோஸ்லி தொழுதுவிட்டு வந்து மணல் பிடித்தார். மணலை அள்ளி, கைக்குள் அழுத்தி, இரண்டாக உடைத்து, உடைந்த இடம் உதிரவில்லை என்று பார்த்த பிறகுதான் வார்ப்புப் பெட்டியில் போட்டார். வழக்கமாக ஒரு தடவை உடைப்பவர் அன்று மூன்று தடவை உடைத்தார். குவாட் நியோ அதைப் பார்த்தார். 

மூன்று மணிக்குப் பித்தளை உருகிவிட்டது. உருக்கும் பாத்திரமான மூசையின் மேல் வெள்ளைப் புகை எழும்பியது. ரோஸ்லி ஊற்றினார், ஒரே ஓட்டத்தில், நடுவில் நிறுத்தாமல். பெட்டியைத் திறக்கும்வரை இரண்டு பேரும் அதன் பக்கமே நின்றார்கள். தவ்ஃபு வீட்டுக்காரர் வந்து ஏதோ கேட்டார், பதில் வராததைப் பார்த்துத் திரும்பிப் போனார். பெட்டியை உடைத்தபோது கம்பி நன்றாக வந்திருந்தது. பட்டையில் ஒரு முனையில் காற்றுக்குமிழி விழுந்திருந்தது, திருகாணித் துளை வரவேண்டிய இடத்திலேயே.

தேய்த்தால் மறைந்துவிடும், துளை போட்டால் அதோடு போய்விடும் என்றார் ரோஸ்லி. குவாட் நியோ பட்டையை எடுத்துத் திரும்ப மூசைக்குள் போட்டார். இரண்டாவது வார்ப்பு நாலரைக்கு. குமிழி இல்லை. ஆறினதும் சாதாரணக் கோலால் அளந்தார். பதினெட்டும் ஒரு மயிரிழையும். அந்த மயிரிழை அரத்துக்கு. இடக்கையில் அரத்தை எடுத்து ஓரங்களை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தார். ஏழு மணிக்கு முன்பே பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் புதன்கிழமை. மழை இல்லை. ரோஸ்லி வேனை ஓட்டினார். இரண்டேகாலுக்கு முந்திரி தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ஓங்கும் சின் ஐக்கும் மாடியில் இருந்தார்கள். புவான் நோரிதா இரண்டரைக்கு வந்தார். ஜன்னல்களுக்கு வெளியே இருந்த மரக்கிராதியைப் பழுதுபார்க்கத் தச்சர்கள் அன்று காலை கழற்றிக் கீழே இறக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தால் நேரே தெரு.

குவாட் நியோ பழைய துளைகளின் மரத்தக்கைகளைத் தோண்டி எடுத்தார். பட்டையைத் தடத்தில் வைத்தார். நீலத்தின் எல்லை நாலு பக்கமும் பித்தளையைத் தொட்டு நின்றது. திருகாணிகள் பழைய துளைகளிலேயே ஏறின. புதிதாக ஒன்றும் துளைக்கவில்லை. புவான் நோரிதா தாழ்ப்பாளை இறக்கச் சொன்னார். கல்லுக்குள் அரை அங்குலம் இறங்கியது, தேய்ந்த விளிம்பைத் தாண்டி. அவர் அளந்து எழுதிக்கொண்டார். சின் ஐக் படம் எடுத்தார். புதுப் பித்தளை பளபளத்ததால் இரண்டு படம் வெளுத்துப்போயின, மறுபடி எடுத்தார்.

எழுதி முடித்துவிட்டு, அளவு சரியாக இருக்கிறது, ஆனால் காற்றுக்கு நிற்குமா என்று குழுவில் கேட்பார்கள், அதற்கு என்ன எழுதுவது என்றார் புவான் நோரிதா. சின் ஐக் ஏதோ சோதனைக்கூடத்தின் பெயரைச் சொன்னார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

குவாட் நியோ ஜன்னலண்டை போனார். அதே ஜன்னலின் மற்றக் கதவை விரியத் திறந்துவிட்டார். கீழே தெருவில் ஒருவர் தள்ளுவண்டியில் அன்னாசி விற்றுக்கொண்டிருந்தார். புதுத் தாழ்ப்பாள் போட்ட கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை முழுக்க இறக்கினார். மேலே இருந்த சின்னக் கொக்கியை மாட்டாமல் விட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கதவின் மேல் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார். பிறகு கால்களை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் தாழ்ப்பாளுக்குக் கொடுத்தார்.